முதல் பின்னல் இனிக்கட்டும்

நம் வீடுகள் பலவற்றின் அலுமாரிகளில் ஒரு பை இருக்கும். அதற்குள் வெள்ளை நூலில் பாதி பின்னிய மேசை விரிப்பு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். கொக்கி ஊசி கடைசிக் கண்ணியில் குத்தியபடியே கிடக்கும். "இது யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். ராத்தாவோ சாச்சியோ சிரித்துக்கொண்டே, "நான்தான் தொடங்கின. எனக்கு இதெல்லாம் சரிவராது" என்பார்கள்.

அந்த "எனக்குச் சரிவராது" என்ற தீர்ப்பைப் பற்றியே இக்கட்டுரை. குரோசே பின்னலைத் தொடங்கிக் கைவிட்ட எத்தனையோ பேர் தமது கையையும் தமது பொறுமையையும் குறை சொல்கிறார்கள். எனது கருத்து வேறு. முதன்முதலாக எதைப் பின்னுவது என்று எடுத்த தெரிவில்தான் பெரும்பாலும் பிழை இருக்கிறது. தொடங்குபவளின் முதல் வேலை சிறியதாக இருக்க வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும். அவளே விரும்பித் தெரிந்ததாக இருக்க வேண்டும். கைவேலையில் மகிழ்ச்சி நன்றாகப் பழகிய பிறகுதான் வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மகிழ்ச்சி இல்லாவிட்டால் பழகும் வரைக்கும் யார் இருப்பார்கள் என்று நான் கேட்கிறேன்.

குரோசே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். ஒரு கொக்கி ஊசி, ஒரு பந்து நூல், இரண்டு கைகள் என்பனவே இதற்கு மூலதனம். இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில், ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஒரே நேரத்தில் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினாலும் அது கீழ் வரிசைகள் வரை ஓடிவிடும். குரோசேயில் பெரும்பாலும் ஒரேயொரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். பிழைத்தால் ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும். பிழைத்த இடம் வரை பிரிந்து வரும். அதே நூலால் மீண்டும் பின்னலாம். வெட்டிப் பிழைத்த துணியைப் பழையபடி ஆக்க முடியாது. அடிப்பிடித்த சோற்றைத் திருப்பி அரிசியாக்க முடியாது. இந்த வேலையோ எத்தனை முறை பிழைத்தாலும் மன்னித்துவிடும்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள்?

மேசை விரிப்பையே எடுத்துக்கொள்வோம். அதற்குரிய நூல் மெல்லியது. ஊசியின் பருமனும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆயிரக்கணக்கில் பின்ன வேண்டும். ஒரு மாலை முழுவதும் இருந்து பின்னினாலும் ஒரு விரல் அகலம் கூடக் கூடியதாகத் தெரியாது. முப்பதாவது வரிசையில் இருக்கும்போது ஐந்தாவது வரிசையில் ஒரு கண்ணி விடுபட்டது தெரியவரும். அப்போது பிரிக்கவும் மனம் வராது, தொடரவும் மனம் வராது. பை அலுமாரிக்குள் போவது அன்றுதான்.

இதில் அவளுடைய குற்றம் என்ன? சமையல் பழக வந்த பிள்ளையிடம் முதல் நாளே, கலியாண வீட்டுக்குச் சஹன் கணக்கில் புரியாணி ஆக்கச் சொல்வோமா? முட்டை பொரிக்கச் சொல்வோம். பிளேன்டீ போடச் சொல்வோம். அடுப்பங்கரையில் நமக்கு இருக்கும் இந்த நிதானம் நூலையும் ஊசியையும் கையில் கொடுக்கும்போது எங்கேயோ போய்விடுகிறது.

ஆகவே, எதையும் தொடங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன். ஒன்று, இது இரண்டு மாலைகளுக்குள் முடியுமா? இரண்டு, இதில் நான் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதானா? மூன்று, ஓரம் கொஞ்சம் கோணினாலும் இதை நான் பாவிப்பேனா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் தொடங்கலாம். மூன்றாவது கேள்வியை இலேசாக நினைக்க வேண்டாம். அழகாக அமைந்தால் மட்டுமே பயன்படும் பொருளைத் தொடங்குபவள் ஒவ்வொரு கண்ணியையும் பயந்து பயந்து பின்னுவாள். கோணலாக இருந்தாலும் பயன்படும் பொருள் அந்தப் பயத்தைப் போக்கிவிடும்.

அப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குர்ஆனில் வைக்கும் அடையாள நூல். சங்கிலிப் பின்னல் மாத்திரம் தெரிந்தால் போதும். பிரதியின் நீளத்தை விட நான்கு விரல் கூடுதலாகச் சங்கிலி பின்னி, நுனியில் ஒரு குஞ்சம் கட்டினால் வேலை முடிந்தது. அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். நூலை ஒரே இறுக்கத்தில் பிடிக்க இதுவே நல்ல பயிற்சி. சங்கிலியின் தொடக்கம் இறுகியும் முடிவு சீராகவும் இருப்பதைப் பார்த்தால், கை பழகிய கதை அந்த ஒரு நூலிலேயே தெரியும். றமழானில் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜுஸ்உவில் நிற்பார்கள். ஆளுக்கொரு நிறத்தில் பின்னிக் கொடுத்தால் உம்மம்மா முதல் தம்பி வரை எல்லோருக்கும் பயன்படும்.

இரண்டாவது, சமையலறைக்கு ஒரு சதுரம். 21 சங்கிலி பின்னி, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி டபிள் குரோசே போட்டால் 20 கண்ணிகள் வரும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் திரும்பி, மறுபடியும் அதே 20. சதுரமாகும் வரை இதையே செய்ய வேண்டியதுதான். தொடங்குபவர்களின் சதுரம் மேலே போகப் போக ஒடுங்கிச் சரிவகமாவது உண்டு. வரிசையின் முதல் கண்ணியோ கடைசிக் கண்ணியோ விடுபடுவதுதான் காரணம். ஒவ்வொரு வரிசையையும் எண்ணிப் பார்த்தால் அது நடக்காது. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சூடான சட்டியை இறக்கும் பிடிதுணிக்குப் பருத்தி நூலையே எடுக்க வேண்டும். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகக்கூடியது. பாத்திரம் துடைப்பதற்கும் பருத்தியே நல்லது. அதுதான் தண்ணீரை உறிஞ்சும்.

மூன்றாவது, தேநீர்க் கோப்பை வைக்கும் வட்டம். நடுவில் 6 கண்ணிகளோடு தொடங்கி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்ததில் 18, பிறகு 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால் வட்டம் தட்டையாக இருக்கும். ஏன் ஆறு? கணிதம் படிக்கும் தோழியருக்கு விடை தெரிந்திருக்கும். டபிள் குரோசே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சுற்றுப் பின்னும்போது ஆரை ஒரு கண்ணியளவு கூடுகிறது. ஆரை ஒன்று கூடினால் பரிதி 2π கூட வேண்டும். அது ஆறேகால் அளவு. நாம் ஆறு என்று எடுத்துக்கொள்கிறோம். டிரெபிள் குரோசே அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம். அதனால் அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு. உம்மம்மாமார் π படிக்காமலே இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தார்கள்.

இந்த வட்டத்திலிருந்து தொப்பிக்குப் போவதும் இலகு. தலையின் அளவுக்கு வட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் தானாகக் கீழே வளையும். தொழுகைத் தொப்பியின் அமைப்பே அதுதான். நானாவுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்க ஆசைப்படுபவள், முதலில் நான்கு கோப்பை வட்டங்கள் பின்னட்டும். தொப்பி பிறகு கைக்குள் வந்துவிடும்.

நான்காவது, நடுவிலிருந்து வெளியே வளரும் 'கிரானி' சதுரம். மூன்று மூன்று டிரெபிள்களாகச் சேர்ந்த கொத்துகள், மூலைகளில் மட்டும் இரட்டைக் கொத்து. சுற்றுக்கு ஒரு நிறமாக மாற்றலாம். மிஞ்சிய துண்டு நூல்களெல்லாம் இதில் செலவாகும்.

நூலைத் தெரிவதிலும் தொடக்கக்காரருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நடுத்தரப் பருமனான, வழுவழுப்பான, வெளிர் நிற நூலும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் ஊசியும் போதும். நமக்குக் கறுப்பு பிடிக்கும் என்பது உண்மைதான்; அபாயாவுக்குப் பொருந்தும் என்று கறுப்பு நூல் வாங்குபவர்களும் உண்டு. ஆனால் இரவு வெளிச்சத்தில் கறுப்பு நூலின் கண்ணியைக் கண்டுபிடிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். பஞ்சு போலப் புசுபுசுவென்ற நூலும் அப்படித்தான். இன்னொன்று, பிரித்தானியப் புத்தகங்களில் டபிள் குரோசே என்பதை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோசே என்பார்கள். பிரித்தானியரின் டிரெபிள் அமெரிக்கரின் டபிள். நான் இங்கே எழுதியவை பிரித்தானிய முறைப் பெயர்கள். பழைய புத்தகத்தையும் யூடியூப் காணொளியையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பி, தனக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன். பெயர்தான் இரண்டு, குழப்பம் உங்களுடையது அல்ல.

சிறியதில் தொடங்குவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பெரும் பஞ்சம் வந்தது. அக்காலத்தில் கன்னியர் மடங்களும் வேறு பலரும் ஏழைப் பெண்களுக்குக் குரோசே பின்னலைக் கற்பித்தார்கள். அந்த லேஸ் விற்ற பணம் பல குடும்பங்களைத் தாங்கியது. அதன் வேலைமுறைதான் நமக்குப் பாடம். ஒரு பெண் முழுக் கழுத்துப் பட்டியையும் பின்ன வேண்டியதில்லை. ஒருத்தி ரோசாப்பூ மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி இலை மட்டும் பின்னுவாள். கடைசியில் அவற்றை ஒன்றாக இணைப்பார்கள். செல்வந்தர்கள் ஆசையோடு வாங்கி அணிந்த லேஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுகளாகத்தான் பிறந்தது.

பிழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டம் பின்னும்போது சுற்றுக்கு ஆறுக்குப் பதிலாக அளவுக்கு மிஞ்சிக் கூட்டிவிட்டால் ஓரம் அலையலையாகச் சுருங்கும். தொடங்குபவள் அதைப் பார்த்துவிட்டுத் "தவறிப்போச்சு" என்று பிரிப்பாள். 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாத்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா அதையே வேண்டுமென்று பின்னினார். அதிபரவளைவுத் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையால் தொட்டு அறிவதற்காக அப்படிச் செய்தார். அதற்கு முன் இருந்த காகித மாதிரிகள் எளிதில் கிழிபவை. நூல் மாதிரி மடித்தாலும் கசக்கினாலும் நிலைத்தது. அந்தச் சுருக்கம் கடலுக்கடியிலுள்ள முருகைக்கல்லின் மடிப்புகளையும் ஒத்தது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் நூலாலேயே ஒரு முருகைக்கற்பாறையைப் பின்னத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். சூடேறும் கடலில் வெளிறி இறந்துகொண்டிருக்கும் முருகைக்கற்களை உலகுக்கு நினைவூட்டுவதே அவர்களின் நோக்கம். ஹிக்கடுவையிலும் பாசிக்குடாவிலும் முருகைக்கல்லைப் பார்த்த நமக்கு அந்த நோக்கம் நன்றாக விளங்கும். ஆகவே தோழியரே, உங்கள் வட்டம் சுருங்கினால் உடனே வெட்கப்பட வேண்டாம். அதற்கும் ஒரு கணிதம் இருக்கிறது.

இனிப் பெற்றோரிடம் சில வார்த்தைகள்.

"ஏ.எல். எடுக்கிற புள்ளைக்கு நூலும் ஊசியும் என்னத்துக்கு?" என்று உம்மாமார் கேட்பது நியாயமான கேள்வி. நானும் உயர்தர மாணவிதான். எங்களுக்கு நேரம் எவ்வளவு குறைவு என்பது எனக்குத் தெரியும். சிறிய வேலையைத் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். மேசை விரிப்பு மாதக்கணக்கில் மனதை இழுக்கும். கோப்பை வட்டம் இஷாத் தொழுத பின் தொடங்கி, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது முடிந்துவிடும். பாடக் கொப்பியை மூடிவிட்டுக் கைப்பேசியை எடுத்தால் அதற்கு முடிவு என்று ஒன்று இல்லை. விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். சதுரத்துக்கு நான்கு மூலைகள் இருக்கின்றன. நான்காவது மூலை வந்ததும் அது முடிந்துவிடும். முழு நாளும் விடை தெரியாத வினாக்களோடு போராடிய பிள்ளைக்கு, ஒன்றை முழுதாக முடித்தேன் என்ற உணர்வு சிறிய விடயம் அல்ல.

"செய்வதென்றால் பிரயோசனமானதைச் செய்" என்பது அடுத்த வாதம். பிரயோசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னல் வேலையால் குடும்பத்துக்குத் தோள் கொடுக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் முதல் வட்டம் முடியும் முன்னரே, "இதை எவ்வளவுக்கு விற்கலாம்?" என்று கேட்பதும், "மாமி வீட்டுக்கு ஆறு பின்னிக் கொடு" என்று கட்டளையிடுவதும், "பக்கத்து வீட்டுப் புள்ள எவ்வளவு வடிவாகச் செய்யுது, பாரு" என்று ஒப்பிடுவதும் பிள்ளையின் கையைக் கட்டிப்போடும். சம்பாதிக்கும் கையும் ஒரு காலத்தில் விளையாடிய கைதான்.

பெண்பிள்ளை கைவேலை பழகினால் அது கலியாணத்துக்கு ஒரு தகுதி என்று கணக்கிடப்படுகிறது. பழகாவிட்டால் குறை என்று பேசப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில், அவளுக்கு அது பிடித்திருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிடித்திருக்கிறது என்பதே ஒரு வேலையைச் செய்வதற்குப் போதுமான காரணம் என்று நான் நம்புகிறேன். ஹலாலான, யாருக்கும் தீங்கில்லாத, நேரத்தை விழுங்காத ஒரு மகிழ்ச்சிக்கு வேறு அனுமதிச் சீட்டு எதற்கு?

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் மேசை விரிப்பு ஒன்றைத் தொடங்கிக் கைவிட்டவள். தனக்குப் பொறுமை இல்லை என்றே அவள் நம்பியிருந்தாள். சென்ற தவணை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இளம் பச்சை நூலில் கோப்பை வட்டம் ஒன்றை முடித்தாள். ஓரம் சற்றே சுருங்கியிருந்தது. அவளுடைய வாப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் பிளேன்டீயை அதன் மேல்தான் வைக்கிறார். இப்போது அவள் ஐந்தாவது வட்டத்தில் இருக்கிறாள். பொறுமை இல்லாதவள் ஐந்தாவது வட்டத்துக்கு எப்படி வந்தாள்? பிள்ளையைப் பாராட்ட வார்த்தை தேடும் பெற்றோருக்கு அந்த வாப்பா ஒரு நல்ல உதாரணம்.

இது பின்னலுக்கு மட்டும் உரிய விடயம் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தொடங்குபவளிடம் தடித்த நாவலைக் கொடுக்கிறோம். கவிதை எழுத ஆசைப்படுபவளை முதல் கவிதையிலேயே மேடையேற்றுகிறோம். தடுமாறியதும், "எனக்கு வராது" என்று அவள் தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். பதினைந்து வயதில் எழுதிய அந்தத் தீர்ப்பை ஐம்பது வயதிலும் மாற்றாமல் வைத்திருக்கும் பெண்களை நாம் அறிவோம். அமல்களில் கூட, குறைவாக இருந்தாலும் விடாமல் தொடரப்படுவதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். தொடர வேண்டுமானால் தொடரக்கூடிய அளவில் தொடங்க வேண்டும்.

முடிவாக ஒரு யோசனை. ஒரு வகுப்பில் 35 மாணவியர் இருந்தால், ஆளுக்கு ஒரு கிரானி சதுரம் பின்னலாம். ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் அகலம். ஐந்துக்கு ஏழாக இணைத்தால் 75 சென்ரிமீற்றருக்கு 105 சென்ரிமீற்றர் அளவில் ஒரு போர்வை கிடைக்கும். பிறந்த குழந்தை ஒன்றைப் போர்த்த அது தாராளமாகப் போதும். யாருடைய சதுரம் கோணல், யாருடையது நேர் என்று அந்தக் குழந்தை கேட்கப் போவதில்லை. அடுத்த தவணையில் எந்த வகுப்பாவது இதைத் தொடங்கினால், முதல் சதுரத்தைப் பின்னித் தர நான் ஆயத்தம், இன்ஷா அல்லாஹ்.